சுட்டியோடு நகரும் மங்கல்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. போன மழைக்காலத்தில் என் மேசைக்குப் புது மானிட்டர் ஒன்று வாங்கினேன். மாட்டியதும் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி சிறுத்துவிட்டது. என்னிடம் இருப்பது லினக்ஸ் கணினி. லினக்ஸ் வைத்திருப்பவன் கடைக்காரரைக் கூப்பிட மாட்டான், இணையத்தில் தேடுவான். அப்படித் தேடிக்கொண்டு போனபோது, தமிழில் பேசிக்கொள்கிற ஒரு லினக்ஸ் மன்றத்தில் பழைய கேள்வி ஒன்று கண்ணில் பட்டது.

"வணக்கம். மானிட்டர் மாற்றிய பிறகு மவுஸ் சுட்டியைச் சுற்றி மங்கலாகத் தெரிகிறது. சுட்டியை எங்கே நகர்த்தினாலும் மங்கலும் கூடவே நகர்கிறது. டிரைவர், கேபிள் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். படம் இணைத்துள்ளேன். மங்கல் இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்."

படத்தைத் திறந்தேன். செல்போனில் எடுத்தது. வெள்ளைப் பக்கம், அதில் ஏதோ கணக்கு வினாக்கள், நடுவில் சுட்டி, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் மங்கல் எதுவும் இல்லை. எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. கீழே ஒரே ஒரு பதில்: "ஐயா, வட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லையே. சரியான படத்தை இணையுங்கள்." அதற்குப் பிறகு அந்த மனிதர் மன்றத்தில் எதுவும் எழுதவே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில எழுத்துகளும் எண்களும். ஊர் என்ற இடத்தில் சேலம் என்று இருந்தது.

என் எழுத்தைப் பெரிதாக்கப் போனவன், அன்று முழுக்க அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களில் சிலருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். விளங்காதவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இதில் மர்மம் வைத்து ஆட்டம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கோளாறு மானிட்டரில் இல்லை, அந்த மனிதரின் கண்ணில். சுட்டி போகிற இடத்துக்கெல்லாம் அவர் பார்வை போகிறது. பார்வை போகிற இடத்துக்கெல்லாம் மங்கலும் போகிறது.

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் தெரியாது. இனி நான் எழுதப்போவது அந்தத் தெரியாமையைப் பற்றித்தான்.

2

முதல் தொடக்கம்: "கொண்டலாம்பட்டியில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்—"

அடித்துவிட்டேன். சேலத்துக் கொண்டலாம்பட்டியில் தறி ஓடாத காலை எது? நின்றால்தான் அது செய்தி.

இரண்டாம் தொடக்கம்: "மனிதனுக்குக் கண் என்பது—"

இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "பரக்கத் அலி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருந்தார்." இது அரைப் பக்கம் வரைக்கும் ஓடியது. பிறகுதான் உறைத்தது. கடைக்காரர் என்றால் சுற்றிலும் நாலு பேர் இருப்பார்கள். "என்ன பாய், ஒண்ணுமே இல்லாத எடத்தத் தொடச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று எவனாவது ஒருவன் கேட்டுவிடுவான், கதை அங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஒற்றை ஆளாக வேலை செய்கிறவர் வேண்டும். பரக்கத் அலியைக் கேபிள் விற்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆக, ஞானதாஸ். ஐம்பதைத் தாண்டியவர். கொண்டலாம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்துப் பக்கம் அமைத்துத் தருவது தொழில். அதிலும் கணக்குத் தாள், இயற்பியல் தாள். ஒரு கணக்குத் தாளில் எழுத்தைவிடக் குறிகள்தான் அதிகம். எக்ஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற குட்டி இரண்டும் குட்டி மூன்றும் ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. இதற்கு லினக்ஸில் இருக்கிற வசதி வேறு எதிலும் இல்லை என்பது அவர் கட்சி. யாராவது மறுத்துப் பேசினால் டீ ஆறிப்போகும் வரைக்கும் விட மாட்டார்.

சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார், அவ்வளவுதான். வீட்டில் அவரும் மனைவி வினோலியாவும் மட்டும். வினோலியா ரவிக்கை தைக்கிறாள். ஞாயிறு பூசைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேரின் முதுகளவு அவளுக்கு மனப்பாடம்.

3

அவர் மானிட்டரை ஏன் மாற்றினார்? இங்கேதான் முதல் தப்பு.

"எழுத்தெல்லாம் வெளுத்துப்போச்சு வினோ. மானிட்டரு பழசாயிருச்சு, வெளிச்சமே இல்ல."

வினோலியா தையல் இயந்திரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு நல்லாத்தானுங்க தெரியுது."

"நீ தூரத்துல இருந்து பாக்கற. கிட்ட வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். கிட்டத்திலும் நல்லாத்தான் தெரிந்தது. ஆனால் கணினி விஷயத்தில் அவரோடு வாதாடி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

புது மானிட்டர் வந்தது. இனி நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை ஏமாற்றியது இதுதான். மாட்டியவுடன் திரை கறுத்துப்போய், நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்குள் 'இந்த அளவை ஏற்க முடியாது' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. பழைய மானிட்டரின் அளவைக் கணினி இன்னும் மறக்கவில்லை. ஞானதாஸ் பதறவில்லை. படம் இல்லாத, வெறும் எழுத்து மட்டும் இருக்கிற கறுப்புத் திரைக்குப் போனார். பழைய அளவைச் சேமித்து வைத்திருந்த கோப்பை அழித்தார். கணினியை நிறுத்தி எழுப்பினார். வந்துவிட்டது.

அடுத்தது, எந்தச் செயலியைத் திறந்தாலும் காணோம். திறந்திருக்கிறது என்று கீழ்ப்பட்டையில் காட்டுகிறது, திரையில் இல்லை. ஒரு காலத்தில் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்திருந்தார். அந்த இரண்டாவது இன்னும் இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருந்தது. இல்லாத திரையில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தது. ஒரே கட்டளையில் அந்தத் திரையை அணைத்தார். எல்லாம் திரும்பி வந்தன.

மூன்றாவது என் பிரச்சினைதான், எழுத்தின் அளவு. அதையும் முடித்தார். அன்றைக்குச் சர்க்கரை போடாத டீயை அவர் குடித்த மாதிரி யாரும் பாயசம்கூடக் குடித்திருக்க மாட்டார்கள்.

கோளாறு என்று ஒன்று இருந்தால் அதன் காரணம் கணினிக்குள் எங்கேயாவது ஒரு வரியில் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் பார். இப்படித்தான் அவர் வேலை செய்வார். மூன்று தடவை ஜெயித்தவருக்கு நாலாவது மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தோன்றும்?

4

மூன்றாவது முடிந்த மறுநாள், வெள்ளைப் பக்கத்தில் சுட்டியைச் சுற்றி ஒரு மங்கலைப் பார்த்தார். கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டது போல. துணியால் துடைத்தார். போகவில்லை. சுட்டியை நகர்த்தினார், அதுவும் நகர்ந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கண்ணைக் கசக்கியிருப்போம். ஞானதாஸுக்கு நம்மைவிட அதிகம் தெரியும், வினையே அதுதான். சுட்டியைக் கணினி மற்ற படங்களோடு சேர்த்து வரைவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு அதை மட்டும் தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே வரைகிறது. மானிட்டரை மாற்றினால் சில கார்டுகளில் அந்த இடம் பிசகும். சுட்டியைச் சுற்றிச் சதுரமாகக் குப்பை தெரிகிறது என்று உலகம் பூராவும் ஆட்கள் புலம்பி வைத்திருக்கிறார்கள். அத்தனையும் நிஜமான புகார்கள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

சந்தேகத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். அந்தப் படத்தில் சுட்டி வரவில்லை. சுட்டி இருந்த இடத்தை அவர் நிதானமாகப் பார்க்கவும் இல்லை. தனியாக வரைகிற சுட்டி ஸ்க்ரீன்ஷாட்டில் வராது என்று அவருக்குத் தெரியும். வராததே தன் கணிப்புக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார். சுட்டியைக் கார்டு வரைய வேண்டாம், மென்பொருளே வரையட்டும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தார். போகவில்லை. கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றினார். போகவில்லை. பரக்கத் அலி கடைக்குப் போய் வேறு கேபிள் வாங்கி வந்தார். அதற்கும் போகாததால், திரையைச் செல்போனில் படமெடுத்து மன்றத்தில் கேள்வி போட்டார்.*

* வாசகர் கேட்பார்: மங்கல் சோற்றுத் தட்டில் தெரியாதா, சுவரில் தெரியாதா? தெரிந்தது. ஆனால் சோற்றை யாரும் எழுத்துக்கு எழுத்து படிப்பதில்லை. ஊர்ப் பலகை சரியாகத் தெரியாமல், சேலம் வண்டி என்று நினைத்து ஒருநாள் மேச்சேரி பேருந்தில் ஏறிவிட்டார். பலகை எழுதியவனைத்தான் திட்டினார்.

5

எனக்கு இந்த ஆள்மேல் இப்போது ஒரு சந்தேகம். இவர் முட்டாளாக இருந்தால் கதைக்கு வலு இல்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறவராக இருந்தால் இது வேறு கதை. இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்று நினைக்க ஆசைப்படுகிறேன் என்பது இன்னும் பொருத்தம்.

இந்தச் சந்தேகத்தோடு கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்த நாளில்தான் செல்லமுத்துவை எழுதினேன். விடுதிப் பள்ளி ஒன்றில் தேர்வுகளைப் பார்த்துக்கொள்கிற கணக்கு ஆசிரியர். நல்ல மனிதர். போனில் அழைக்கிறார்.

"ஏனுங்ண்ணா, பதினேழாவது கேள்வியில எக்ஸ் ஸ்கொயருன்னு இருக்கோணும். க்யூபுன்னு வந்துருச்சுங்க. பசங்க பூராப் பேரும் தப்பாப் போட்டுட்டாங்க."

"மானிட்டரு மாத்துனனுங்க சார். அதுல சின்னக் கோளாறு. சரி பண்ணிட்டிருக்கறேன்."

"பாத்து மெதுவாப் பண்ணுங்க. போன தாள்லயும் ஒரு மைனஸு உட்டுப்போச்சு. மேல கேக்கறாங்க, வேற ஆளப் பாக்கலாமான்னு. நாந்தான் வேண்டாமுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"இனி வராதுங்க."

போனை வைத்துவிட்டு அந்தத் தாளைத் திறந்தார். பதினேழுக்குப் போனார். சுட்டியை எக்ஸின் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. இரண்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். பக்கத்தை நாலு மடங்கு பெரிதாக்கிய பிறகுதான் அது மூன்று என்று தெரிந்தது.

இருபது வருடமாக ஒரு தாள் திரும்பி வந்ததில்லை அவருக்கு. அவமானமாக இருந்தது. அவமானம் கோபமாக மாறி, அந்தக் கோபம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் போய் விழுந்தது.

6

வினோலியாவுக்கு ஊசிக்காது அளவுக்குப் பொடியானவை கிட்டத்தில் தெரிவதில்லை, நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் வருவதுதான். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கக் கை ஊசி வேண்டும். காலையில் நாலைந்து ஊசியில் நூல் கோத்துத் தலையணை ஓரத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவது ஞானதாஸின் வேலை. கல்யாணமான புதிதில் கொஞ்சலாக ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

அன்று அவர் ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது.

"நூலு பிரிஞ்சிருக்குது."

அவள் நுனியை வெட்டிக் கொடுத்தாள். மறுபடியும் போகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஊசியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தச் சாய்ப்பை வினோலியா பார்த்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவர் அப்படித் தலையைச் சாய்த்து எதையும் பார்த்ததில்லை.

"குடுங்க, நானே கோத்துக்கறனுங்க." வாங்கி வைத்துக்கொண்டாள். துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "கண்ணக் காட்டிட்டு வந்தரலாமுங்க."

"கண்ணாடி மாத்தி ஒரு வருசங்கூட ஆவல."

"கண்ணாடியச் சொல்லலீங்க."

அவர் எழுந்து கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கண்—

[வேண்டாம். இதை எழுதினால் அவர் தெரிந்துகொண்டே மறைக்கிறவராக ஆகிவிடுவார். மேலே ஒரு பகுதி முழுக்க அவரை அதிலிருந்து காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறேன். ஆனாலும் இந்த அரை வாக்கியத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும்.]

7

தெரிந்த கண் மருத்துவர் ஒருவரிடம், கதைக்காக என்று சொல்லித்தான் கேட்டேன். சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். சீக்கிரம் வந்தால் ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம், சிலருக்குக் கொஞ்சம் திரும்பவும் கிடைக்கும். "தள்ளிப் போட்டுட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து இந்தக் கதையை எழுதுவது கஷ்டமாகிவிட்டது. நான் ஒரு பத்தியை நீட்டினால் அவருக்கு ஒரு வாரம் போகிறது. ஊசி கோக்கிற காட்சியை இன்னும் அழகாக எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கண்ணிலிருந்து கழிந்த நேரம். வேகமாக எழுதினால் பொய்யாக வருகிறது, நிதானமாக எழுதினால் குற்ற உணர்ச்சி பிடுங்குகிறது. மன்றத்துக்குப் போய் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு பதில் போடப் பார்த்தேன். பழைய கேள்வி என்பதால் மூடி வைத்திருக்கிறார்கள்.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. மன்றத்தில் வந்த அந்த ஒற்றைப் பதிலைப் படிக்கிறார். சட்டென்று விளங்குகிறது. மறுநாள் வினோலியாவோடு ஆஸ்பத்திரி. ஊசி. மூன்று மாதத்தில் எக்ஸின் தலைமேல் இருப்பது இரண்டு என்று தெரிகிறது. படித்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருந்தது.

ஆ. பதிலைப் படித்துவிட்டு, பதிவேற்றும்போது படம் கெட்டுப்போயிருக்கும் என்கிறார். லினக்ஸின் அடிப்படையான கர்னலையே மாற்றுகிறார். கார்டை மாற்றுகிறார். இன்னொரு மானிட்டர். கடைசியில் வினோலியா பக்கத்தில் உட்கார்ந்து குறிகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவர் தட்டுகிறார். "மேல என்ன, ரெண்டா?" "ரெண்டுங்க." இதை முழுதாக எழுதி முடிக்க என்னால் முடியவில்லை.

இ. கோளாறு நிஜமாகவே கார்டில்தான். ஒரு வரியை மாற்றியதும் மங்கல் போய்விடுகிறது. இதை எழுதியபோதுதான் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒன்றரைப் பக்கம். வினோலியா சிரிக்கிறாள், செல்லமுத்து சிரிக்கிறார். ஆனால் அந்தச் செல்போன் படத்தை என்ன செய்வது? அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

9

மூன்றும் இல்லை என்றானபின், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது வரைக்கும் எழுதுகிறேன்.

பதிலை அவர் ஒரு மத்தியானம் படித்தார். படத்தைத் திறந்து வினோலியாவைக் கூப்பிட்டார்.

"இந்த வட்டத்துக்குள்ள என்ன தெரியுது?"

"கணக்குங்க."

"மங்கலா?"

"இல்லீங்க. நல்லாத் தெரியுது."

ஞானதாஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிள், டிரைவர், மானிட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. இதுவரைக்கும் எல்லாப் பரிசோதனையிலும் மாறாமல் இருந்தது எது என்று பட்டியல் போடுகிற மூளை அவருக்கு. கடைசிப் பரிசோதனையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரே யோசித்ததுதான். அந்த மரியாதையை நான் அவரிடமிருந்து பிடுங்க மாட்டேன்.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து நடுவில் ஒரு கூட்டல் குறி அடித்தார். சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. மவுஸப் புடி. நான் இந்தக் குறியவே பாத்துட்டிருப்பேன், கண்ண எடுக்க மாட்டேன். நான் சொன்னதும் நீ சுட்டிய மெதுவா ஓரத்துக்குக் கொண்டுபோ. மங்கலு அதுகூடவே போச்சுன்னா கம்ப்யூட்டரு."

போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வினோலியா உட்கார்ந்தாள். மவுஸில் கையை வைத்தாள். மவுஸ் அவர் கைச்சூட்டோடு இருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குறி இருக்கிற இடத்தில் மங்கல் இருந்தது.

"நகத்து வினோ."

மங்கல் அசையவில்லை. அவர் காத்திருந்தார்.

"நகத்து."

"நகத்திட்டனுங்க," என்றாள் அவள். "ஓரத்துலதான் இருக்குது. அப்பவே கொண்டுபோயிட்டேன்."

அவர் கூட்டல் குறியிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தின் நடுவில், மூக்கும் உதடும் இருக்க வேண்டிய இடத்தில், அது இருந்தது.

இப்போது அவர் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று "நாளைக்கு" என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் முடிகிறது. இன்னொன்று "இந்தக் கேபிள" என்று ஆரம்பித்து பரக்கத் அலி கடையில் முடிகிறது. இரண்டையும் அவர் குரலில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டுமே பொருந்துகின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். வினோலியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. யோசித்து எழுதுங்கள். ஆனால் நான் யோசித்த அளவுக்கு யோசிக்காதீர்கள், அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.